அத்தானின் எட்டு வினாடி எஞ்சின்

மூன்றாவது முறையாக அந்த எஞ்சின் கடை மேஜைமேல் வந்து உட்கார்ந்தபோது, அதை அப்படியே தூக்கித் தெருவில் வீசிவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. வீசுவது சுலபம். ஒரு கைக்குள் அடங்குகிற சாமான், எடை ஒன்றரைக் கிலோகூட வராது. பெட்ரோல் ஊற்றி ஓட்டுகிற குட்டி எஞ்சின், பொம்மை விமானத்தின் மூக்கில் மாட்டுவது. பொம்மை என்று மட்டும் அத்தான் எதிரில் சொல்லிவிடக் கூடாது. முகம் தொங்கிப்போகும். மாதிரி விமானம் என்று சொல்லவேண்டும், அதையும் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லவேண்டும்.

“என்ன மெக்கானிக், பய இந்தத் தடவையும் காலை வாரிட்டான்,” என்றார் அத்தான். தான் ஏதோ வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதினெட்டு வருஷமாக அவள் அந்தக் கடையை நடத்துகிறாள். புல் வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் மிஷின், மருந்தடிக்கும் மிஷின், கரண்ட் போனால் கத்துகிற சின்ன ஜெனரேட்டர், எது வந்தாலும் பிரித்து, கழுவி, மாட்டி, ஓடவைத்து அனுப்புவாள். தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் மிஷின் அக்கா. அவள் கை பட்ட எஞ்சின் அதே கோளாறோடு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தச் சரித்திரத்துக்குத்தான் இப்போது அத்தான் ரூபத்தில் கேடு வந்திருந்தது.

அத்தான் என்றால் அவளுடைய அக்காவின் வீட்டுக்காரர். குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் ஒழுகல் கண்டுபிடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்புக் கம்பியை ரோட்டில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தாரென்றால், மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எந்த இடத்தில் கசிகிறது என்று சொல்லிவிடுவார். ஆள் ஓய்வு பெற்றாரே தவிர, அந்தக் காதும் கையும் ஓய்வு பெறவில்லை. கடைக்குள் நுழைந்ததும் அவர் கண் முதலில் போவது மூலையில் இருக்கிற கை கழுவும் குழாய்க்குத்தான். பல வருஷமாக அது சொட்டிக்கொண்டிருந்தது. இதை ஒரு நாள் பார்த்துவிடுகிறேன் என்பார். தொடாதீங்க அத்தான் என்பாள். ஒருமுறை அவள் வீட்டு மிக்ஸியை அவர் இப்படித்தான் ‘பார்த்தார்’. அதற்குப் பிறகு அது மிக்ஸியாக இருக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் எட்டு மாசம் பால்கனியிலேயே உட்கார்ந்து ஒரு விமானம் செய்தார். மஞ்சள் நிறம், கட்டில் நீளத்துக்கு இறக்கை. அதை எடுத்துக்கொண்டு போய், ஊருக்கு வெளியே மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் விமானம் விடுகிற சங்கத்தில் சேர்ந்துகொண்டார். சங்கத்துச் செயலாளர் ஒரு பல் டாக்டர். அங்கே யாருடைய எஞ்சின் கெட்டாலும் வெளியூருக்குப் பார்சல் அனுப்பிவிட்டு மாசக்கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள் என்று தெரிந்ததும், அத்தான் தன் கொழுந்தியாளைப் பற்றி அளந்து தள்ளிவிட்டார். டாக்டரும் யோசித்துப் பார்த்துவிட்டு, முதலில் உங்கள் எஞ்சின் மைதானத்தில் ஒழுங்காக ஓடட்டும், ஓடினால் இருபத்திரண்டு பேருடைய எஞ்சினும் இனி அந்தம்மாவிடம்தான் என்று வாக்குக் கொடுத்தார்.

அவளுக்கு அது சின்ன விஷயமில்லை. மழைக்காலம் முடிந்து புல் காய்ந்துவிட்டால் கடையில் ஈ ஓட்டவேண்டியதுதான். வருஷத்தில் ஐந்து மாசம் அப்படி. போன வருஷம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தாள். இன்னும் அது மேஜை டிராயரில் இருந்தது. இந்த இருபத்திரண்டு எஞ்சின் வந்தால் கடை நிற்கும். இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட்டு, வேறு யாரோ கொடுக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகவேண்டியதுதான்.

முதல் தடவை எஞ்சின் வந்தபோது உண்மையிலேயே கோளாறு இருந்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை இழுத்துத் தருகிற ரப்பர் சவ்வு விறைத்துப்போயிருந்தது. புதுசு போட்டாள். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வருகிற கேஸ்கட்டையும் புதுசாக வெட்டிப் போட்டாள். தபால்தலை அளவு அட்டைதான் அது. பிறகு எஞ்சினை வைஸில் இறுக்கிப் பிடித்து, வழக்கம்போல மேலே கொக்கியில் பெட்ரோல் பாட்டிலைத் தொங்கவிட்டு, ஓட்டிப் பார்த்தாள். கால் மணி நேரம் கணீரென்று ஓடியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எட்டு வினாடி ஓடி நின்றது. மறுபடி கிளப்பினால் மறுபடியும் எட்டே வினாடி.

திரும்பி வந்ததைப் பிரித்தவளுக்குப் பகீரென்றது. கேஸ்கட் திருப்பிப் போட்டிருந்தது. அந்த அட்டையில் ஓரமாக ஊசி நுழைகிற அளவு ஒரு துளை உண்டு. எஞ்சின் பக்கத்திலும் அதற்கு நேராக ஒரு துளை. எஞ்சினின் மூச்சு அந்த வழியாகப் போய்ச் சவ்வை அடித்தால்தான் டேங்க்கிலிருந்து பெட்ரோல் மேலே ஏறும். அட்டையைத் திருப்பிப் போட்டால் துளை அடைபட்டுப்போகும், அவ்வளவுதான். தொழிலுக்குப் புதுசாக வருகிறவர்கள் செய்கிற தப்பு. பதினெட்டு வருஷம் கழித்து நானா இதைச் செய்தேன் என்று அவளுக்கு உடம்பே கூசியது. திருப்பிப் போட்டிருந்தும் கடையில் எப்படிக் கால் மணி நேரம் ஓடியது என்று யோசித்திருக்க வேண்டிய இடம் அது. வெட்கத்தில் அவள் யோசிக்கவில்லை. அத்தானிடம் சின்ன அடைப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுச் சரியாக மாட்டினாள். மூலைக்கடையில் ஒரு நெயில் பாலிஷ் வாங்கிவந்து, கார்புரேட்டரைப் பிடித்திருக்கிற இரண்டு ஸ்க்ரூ தலையிலும் ஆளுக்கொரு சொட்டு வைத்தாள். யார் திருப்பினாலும் பூச்சு விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று அத்தானிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அவரும் ரொம்பப் பவ்யமாகத் தலையை ஆட்டினார்.

அந்த ஞாயிறும் எட்டு வினாடி.

இப்போது மூன்றாவது வாரம். டியூப்லைட் வெளிச்சத்தில் எஞ்சினைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு ஸ்க்ரூவிலும் சிவப்புச் சொட்டு அப்படியே இருந்தது, ஒரு விரிசல்கூட இல்லை. ஆகவே கார்புரேட்டர் யோக்கியன். அதைத் தொடவில்லை. மிச்சம் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தாள். பெட்ரோல் ட்யூபை மாற்றினாள், அத்தான் கூடவே கழற்றிக் கொண்டுவந்திருந்த டேங்க்குக்குள் ட்யூப் முனையில் தொங்குகிற குண்டை மாற்றினாள், பிளக்குக்குப் போகிற வயரை இழுத்துப் பார்த்தாள். புது பிளக் வாங்கக் கடைவீதிக்குப் போய் வந்தாள். அவள் வரும்வரை அத்தான்தான் கடையைப் பார்த்துக்கொண்டார். மாற்றி முடித்துப் பாட்டிலைத் தொங்கவிட்டு ஓட்டினால், அரை மணி நேரம் அப்பழுக்கில்லாமல் ஓடுகிறது. குறை சொல்லக்கூட இடம் கொடுக்காத எஞ்சின்மேல் வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதைத் தொழில்காரர்களால்தான் புரிந்துகொள்ள முடியும். நின்றால் நின்றதென்று பிரிக்கலாம். ஓடுகிறதை என்ன செய்வது.

போதாக்குறைக்கு அத்தானின் அபிப்பிராயங்கள் வேறு. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். ஆயில் ஒரு மூடி கூடிப்போயிருக்கும் என்றார். மைதானத்துக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றார். அப்படியானால் உங்கள் பயலைக் காற்று மாற்றத்துக்கு வேறு ஊருக்கு அனுப்பலாம் என்று அவள் சொன்னாள். அவர் அதையும் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்ததும் ஸ்பேனரை மேஜையில் டொக்கென்று வைத்தாள். அவர் போனபிறகு கடையில் வழக்கமாகக் கேட்கிற ஏதோ ஒரு சத்தம் குறைகிற மாதிரி இருந்தது. எஞ்சின் இரைச்சலில் காது அடைத்துவிட்டது என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை அக்கா போன் செய்தாள். மனுஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை, என்ன ஆனாலும் நாலு பேர் முன்னால் அவரை ஒன்றும் சொல்லிவிடாதே என்றாள். பேச்சோடு பேச்சாக, தன் நெயில் பாலிஷ் பாட்டிலை ஒரு வாரமாகக் காணோம், வீட்டில் இருப்பதே இரண்டு பேர், உன் அத்தான்தான் பூசிக்கொள்கிறாரோ என்னவோ என்று சிரித்தாள். அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. நாளைக்கு நானே மைதானத்துக்கு வருகிறேன் என்று அவரிடம் சொல் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மைதானத்தில் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு பக்கம் மடக்கு மேஜைகள், அவற்றின்மேல் விமானங்கள், நடுவில் புல்லைச் செதுக்கிய ஓடுபாதை. பல் டாக்டர் வெள்ளைத் தொப்பியோடு வந்து வணக்கம் சொன்னார். இதற்குமுன் அவளை அவர் பார்த்ததில்லை என்றாலும், அவர் பார்த்த பார்வையில் இரண்டு ஞாயிறு பழைய சந்தேகம் தெரிந்தது. பக்கத்தில் பேட்டரி நின்றிருந்தார். அது அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர். கரண்ட்டில் ஓடுகிற விமானத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார், பெட்ரோல்காரர்கள் எஞ்சினோடு மல்லுக்கட்டுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசிப்பார். இன்றைக்கும் நாற்காலி ரெடியாக இருந்தது.

அத்தான் விமானத்தின் வாலைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். அவள் கனமான கையுறையைப் போட்டுக்கொண்டு, சோக்கை மூடி, மூக்கிலிருந்த விசிறியை நாலு தட்டுத் தட்டினாள். ‘டப்’ என்று ஒரு குரல் கொடுத்தது. சோக்கைத் திறந்து மறுபடி தட்டியதும் பிடித்துக்கொண்டது. வாசனையும் புகையும் இரைச்சலுமாக அமர்க்களம்தான். அத்தான் முகம் மலர்ந்தது. அவள் மனசுக்குள் எண்ணினாள். ஆறில் சத்தம் மெலிந்தது, ஏழில் இழுத்தது, எட்டில் நின்றது.

மறுபடி தட்டினாள். எட்டு. இன்னொரு தடவை. அதே எட்டு.

“கடிகாரம் வச்ச மாதிரி நிக்குதே,” என்றார் பேட்டரி. “இந்த ஒழுங்கு எங்க வீட்ல யாருக்கும் இல்ல.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அவர் கனிவான குரலில், பரவாயில்லைம்மா, புல் வெட்டும் மிஷின் வேறு, இது வேறு, வழக்கம்போல வெளியூருக்கே அனுப்பிக்கொள்கிறோம் என்றார். பல்லைப் பிடுங்குமுன் வலிக்காது என்று சொல்கிற அதே குரலாக இருக்கவேண்டும். அவளுக்குக் காது சூடேறியது. ஐந்தே நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டாளே தவிர, என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் குந்தினாள். வெயில் நேராகக் கார்புரேட்டர்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூ தலையில் இருந்த சிவப்புச் சொட்டு மினுக்கியது.

அவள் வாங்கிய பாலிஷ் செங்கல் சிவப்பு. அதில் மினுக்கு கிடையாது. இதிலோ கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் பூசிக்கொள்கிற மாதிரி ஜிகினாப் பொடி மின்னிக்கொண்டிருந்தது. டியூப்லைட்டில் தெரியாமல் போன பொடி. அக்காவின் பாட்டில் எங்கே போயிற்று என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

நிமிர்ந்து அத்தானைப் பார்த்தாள். அவர் வாலைப் பிடித்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிற துணியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றிக் கார்புரேட்டரைப் பிரித்தாள். கேஸ்கட் திருப்பிப் போட்டிருந்தது. முதல் வாரமும் இவர்தான். அதைத் தன் தப்பு என்று நினைத்து வெந்துபோனாளே, யாரிடமும் சொல்லமுடியாமல் பதினெட்டு வருஷத்தையே சந்தேகப்பட்டாளே, எல்லாம் இந்த மனுஷரால். அங்கேயே கத்திவிடலாம் போலக் கோபம் வந்தது.

“ஏதாவது தெரிஞ்சுதாம்மா?” என்று டாக்டர் குனிந்தார்.

ஒரே ஒரு வார்த்தை போதும். என் அத்தான் பிரித்து மாட்டியிருக்கிறார் என்று சொன்னால் அவள் பேர் அந்த நிமிஷமே நிமிர்ந்துவிடும். ஆனால் அத்தானுக்கு வாரத்தில் இருப்பதே இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பேட்டரி அதை வாழ்நாளெல்லாம் சொல்லிக் காட்டுவார். அக்கா வேறு சொல்லியிருக்கிறாள். பற்களைக் கடித்துக்கொண்டு ஒரு வழி யோசித்தாள். செய்தவருக்கே தெரியும், அவரே சரியாகத் திருப்பிப் போடட்டும், யாருக்கும் தெரியாமல் போகட்டும்.

“கேஸ்கட்டைக் கழட்டிட்டேன். எனக்குக் கையெல்லாம் ஆயில், நீங்க மாட்டுங்க அத்தான்,” என்று அட்டையை நீட்டினாள். ‘பார்த்து’ என்று கண்ணாலும் சொன்னாள்.

அத்தான் வாலைப் பேட்டரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பி, எஞ்சினில் வைத்துப் பார்த்தார். அட்டையின் துளை எஞ்சின் துளைக்கு நேராக வந்ததும் ‘ச்சு’ என்று உதட்டைச் சுழித்தார். அதை எடுத்துத் திருப்பி, துளை சுத்தமாக மூடிக்கொள்ளும்படி வைத்து, ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

“இப்ப சரி,” என்றார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளால் அதற்குமேல் முடியவில்லை.

“எதுக்கு அத்தான் அத அடைக்கிறீங்க?”

அவர் முகம் மாறியது. கிட்டே வந்து தணிந்த குரலில், அதை வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார். இல்லை, இப்போதே சொல்லுங்கள் என்றாள். அவர் டாக்டரைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அங்க ஒரு ஓட்டை இருக்கும்மா. காத்து கசியுது. நான் வீட்ல கார்புரேட்டரைக் கழட்டிட்டுக் காதை வச்சுக் கேட்டேன், விசிறியத் திருப்பினா புஸ்ஸுன்னு வருது. முதல் தடவையே நீ கவனிக்கல. ரெண்டாவது தடவையும் கவனிக்கல. உனக்கே தெரியலன்னு நான் எப்படிச் சொல்றது? இவங்க காதுல விழுந்தா உன் தொழிலுக்குக் கெட்ட பேரு. அதான் நானே அடைச்சு, தெரியாம இருக்க அக்காளோட பாலிஷப் பூசிட்டேன்.”

பேட்டரி வாயைத் திறந்தார், என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

மூன்று வாரமாகச் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் அவளைக் கவிழ்த்திருக்கிறார். இப்படிப்பட்ட ஆளைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“அது ஓட்டை இல்ல அத்தான். அதுதான் அதோட மூச்சு,” என்றாள். அட்டையை வாங்கித் திருப்பிப் போட்டு, துளையும் துளையும் நேராக நிற்பதை அவர் விரலை வைத்தே தடவிக் காட்டினாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, தன் தப்பையும் சொன்னாள். கடையில் பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டு ஓட்டுவது அவள் பழக்கம். மேலேயிருந்து பெட்ரோல் தானாக இறங்குவதால் மூச்சு அடைத்திருந்தாலும் எஞ்சின் ஓடும். விமானத்தில் டேங்க் வயிற்றுக்குள் கீழே இருக்கிறது, இழுத்தால்தான் வரும்; கிளப்பும்போது உள்ளே போன சொட்டு எட்டு வினாடிக்குத்தான் காணும். கீழே வைத்து ஓட்டியிருந்தால் போன வாரமே கண்டுபிடித்திருப்பாள். “அது என் மேல தப்பு, சார். இனிமே இந்த எஞ்சினெல்லாம் டேங்கைக் கீழ வச்சுத்தான் ஓட்டுவேன்,” என்றாள். சொல்லி முடித்ததும் டிராயரில் இருக்கிற விண்ணப்பம் ஞாபகம் வந்தது.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓட்டுங்கள் என்று சைகை காட்டினார்.

அத்தான் மறுபடி வாலை இடுக்கிக்கொண்டார். இரண்டாவது தட்டிலேயே பிடித்துக்கொண்டது. எட்டு வந்தது, போயிற்று. இருபது போயிற்று. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பேட்டரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். டாக்டரே கன்ட்ரோலை வாங்கிக்கொண்டு விமானத்தை ஓடுபாதைக்கு விட்டார். புல் முடிகிற இடத்தில் மஞ்சள் இறக்கை தரையை விட்டுக் கிளம்பியது. அத்தான் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விமானத்தைப் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிச் சுற்றி வந்தும் அந்தக் குரல் ஒரு தடவைகூட மெலியவில்லை.

இறங்கியபிறகு டாக்டர் வந்தார். நாளைக்கு ஆறு எஞ்சின் அனுப்புகிறேன், மிச்சம் அடுத்த வாரம் என்றார். தப்பை வாய்விட்டுச் சொல்கிற மெக்கானிக்கை இப்போதுதான் பார்க்கிறேன் என்றும் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

சாமான்களைப் பையில் போட்டுக் கட்டும்போது அத்தான் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து அந்த ஜிகினாப் பாட்டிலை எடுத்து, தப்புச் செய்தவர் மாதிரி நீட்டினார். அவள் வாங்கி, இரண்டு ஸ்க்ரூவிலும் ஒரு சொட்டு வைத்து, பாட்டிலைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அக்காவிடம் தானே கொடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

“நாளைக்கு ஆறு வருதே. நானும் கடைக்கு வரட்டுமா, உதவியா இருக்கும்?” என்றார்.

வேண்டாம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. எந்த எஞ்சின்மேலும் கை வைக்கவிடாமல் இவரை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்தவளுக்கு ஒரு வழி கிடைத்தது.

“வாங்க. அந்த மூலைக் குழாய் ஒழுகுதில்ல, அத வேணா பாருங்க,” என்றாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கொடுத்த அனுமதி.

அத்தான் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

“அத நீ பிளக் வாங்கப் போனப்பவே மாத்திட்டேனேம்மா. வாஷர் தேஞ்சிருந்தது. அஞ்சு நாளாச் சொட்டு விழல.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “நீ கவனிக்கல.”